குழந்தை ஒன்று

அந்தப் போட்டோ கடைக்கு வருகிற எவரிடமும் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “தலையா, காலா?”

புதிதாக வருகிறவர்கள் மிரண்டு போவார்கள். விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. கையடக்கக் கேமராவில் எடுக்கிற படம் கொஞ்சம் சதுரவாக்கில் இருக்கும். பிரிண்ட் போடுகிற தாளோ அதைவிட நீளம். தாள் முழுக்கப் படம் நிரம்ப வேண்டுமென்றால் மேலேயோ கீழேயோ ஒரு கீற்று போயே தீரும். மேலே வெட்டினால் நெற்றியும் முடியும் போகும். கீழே வெட்டினால் பாதமும், ஓரத்தில் விழுந்திருக்கிற தேதியும் போகும். எதுவுமே போகக் கூடாதென்றால் இரண்டு பக்கமும் வெள்ளை விட்டுப் போடலாம். அதற்கு யாரும் ஒப்புவதில்லை. “காசு குடுத்து வெறும் தாளையா வாங்கிட்டுப் போறது?” என்பார்கள். வாழ்நாளில் பாதியை இந்தக் கேள்வியிலேயே கழித்த முதலாளிக்குக் கத்திரி என்று பேர் விழுந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும். யாராவது முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

அவள் அந்தக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். வருகிற மெமரி கார்டைச் சொருகிப் படங்களைத் திறப்பாள். ஃபிளாஷ் பட்டுச் சிவந்துபோன கண்களைக் கறுப்பாக்குவாள். குண்டு பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் காமாலை கண்டவர்கள் போல நிற்கிற விருந்தாளிகளைத் தேற்றி எடுப்பாள். தேதியைத் திருத்துவதும் அவள் வேலைதான். கேமராவை வாங்கியதும் கடிகாரத்தைச் சரியாக வைக்க வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பேட்டரியைத் தீரவிட்டு மாதக்கணக்கில் போட்டுவிடுவார்கள். உள்ளே கடிகாரம் நின்று, கேமரா பிறந்த வருடத்துக்கே திரும்பிப் போய்விடும்.

“இந்த ஊர்ல பாதிப் பேரு இன்னும் ஜனவரி ஒண்ணாம் தேதியிலேயே குடியிருக்காங்கம்மா,” என்பார் கத்திரி. “வயசும் ஏறாது, வாடகையும் ஏறாது. குடுத்து வச்சவங்க.”

அவள் சிரித்துக்கொண்டே கேமராவை வாங்கி, நாளையும் மணியையும் சரிசெய்து கொடுப்பாள். “பேட்டரியச் சாகவிடாதீங்க. எடுக்காட்டியும் அப்பப்ப சார்ஜ் போடுங்க,” என்று சொல்லியும் அனுப்புவாள். சொல்கிறபடி தானே செய்துவருகிறாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் வீட்டுக் கேமரா பீரோவில், போர்வைகளுக்கு அடியில், ஒரு குழந்தையின் காலுறைக்குள் இருந்தது.

மகன் பிறந்த வாரம் வாங்கிய கேமரா அது. கணவன் பிரிட்ஜ் மெக்கானிக். எந்தச் சாமானானாலும் அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்காமல் கைவைக்க மாட்டான். கேமராவையும் அப்படித்தான் படித்தான். படம் எடுக்கிற முறைகள் அதில் பல இருந்தன. கடற்கரைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று, வாணவேடிக்கைக்கு, மெழுகுவர்த்திக்கு, தட்டில் இருக்கிற சாப்பாட்டுக்குக்கூடத் தனியாக ஒன்று. செல்லப்பிராணிக்கும் இருந்தது. கடைசியில் குழந்தை ஒன்று, குழந்தை இரண்டு என்று இரண்டு இடம்.

“இதுல பொறந்த தேதியையும் பேரையும் போட்டு வச்சுட்டா போதும். ஆன் பண்ணும்போதெல்லாம் வயசு சொல்லும். படத்து ஓரத்துலயும் அடிச்சிடும்,” என்றான். ஃபிளாஷ் தானாக அடங்கிவிடும், பிஞ்சுக் கண் கூசாது. தோல் நிறமும் கொஞ்சம் ரோஜாச் சாயலில் வரும். இதையெல்லாம் அவன் தானே கண்டுபிடித்தவன் போலச் சொன்னான்.

பேர் கேட்கிற இடத்தில் பட்டாணி என்று ஆங்கில எழுத்தில் போட்டார்கள். முதல் ஸ்கேனில் டாக்டரம்மா “இப்போதைக்குப் பட்டாணி சைஸ்” என்று சொன்ன நாளிலிருந்து அவன் பட்டாணிதான்.

அன்றைக்குக் குழந்தையைப் பார்க்க அவள் நாத்தனார் வந்திருந்தாள். கணவனுக்கு மூத்தவள், வாயால் ஊரையே விற்றுவிட்டு வருகிறவள்.

“அக்கா, ஒன்ன எதுல எடுக்கிறது? செல்லப்பிராணியில போட்டா அதுவும் வயசு கேக்குது. எவ்வளவுன்னு சொல்லு.”

“என் வயசைப் போட்டா ஒன் கேமரா தாங்காதுடா. வெடிச்சிட்டா என்னைச் சொல்லக் கூடாது. சும்மா எடு.”

அப்படி எடுத்த படம் இன்னும் இருக்கிறது. நாத்தனார் கையில் குழந்தை. இருவருக்குமே வாய் திறந்திருக்கிறது.

அதன்பிறகு கேமரா வீட்டில் ஒரு ஆள் போலவே ஆனது. உறை தொலைந்துபோனதும் கணவன் மகனின் பழைய காலுறை ஒன்றில் அதைப் போட்டு வைத்தான். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. ஆன் செய்ததும் ஐந்து விநாடி திரையில் எழுத்து நிற்கும். பட்டாணி, 8 மாதம். பட்டாணி, 1 வருடம் 4 மாதம். இரண்டு வயதில் அவனுக்குக் கதவின் தாழ்ப்பாள்மேல் பைத்தியம். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, எட்டாத தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். பாதிப் படங்களில் அவன் முதுகுதான் இருந்தது.

“ரெண்டாவது இடம் சும்மாதான கெடக்கு,” என்று கணவன் ஒருநாள் திரையைக் காட்டிக் கண் சிமிட்டினான்.

“கேமராக்காரன் இடம் விட்டிருக்கான்னு பெத்துக்க முடியுமா? மொதல்ல இவனை வாளியில இருந்து எறக்குங்க.”

மூன்று வயதும் இரண்டு மாதமும் ஆனபோது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வழக்கமான காய்ச்சல் என்றுதான் மருந்து கொடுத்தார்கள். அது மூளைக்குப் போய்விட்டது. காலையில் தண்ணீர் கேட்டவன் சாயங்காலம் அவளை யாரென்று தெரியாமல் பார்த்தான். மறுநாள் அவன் இல்லை.

வந்தவர்கள் எல்லாம் போய், வீடு இன்னும் பழையபடி வீடாகாமல் கிடந்த நாட்களில் ஒருநாள் கணவன் படம் பார்க்கலாமென்று கேமராவை ஆன் செய்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் சேர்ந்தே படித்தார்கள். பட்டாணி, 3 வருடம் 3 மாதம்.

ஐந்து விநாடியில் எழுத்து மறைந்தது.

“இது இன்னும் எண்ணிக்கிட்டிருக்கு,” என்றான் அவன். பிறகு, “நிறுத்திடவா? பொறந்த தேதியை எடுத்துட்டா நின்னுரும்,” என்றான்.

“தொடாதீங்க.”

அவள் அவனிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவன் கேமராவைக் காலுறைக்குள் போட்டு, பீரோவைத் திறந்து, போர்வைகளுக்கு அடியில் வைத்தான். அதன்பின் அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு எழவில்லை.

ஆனால் அவள் போட்டோ கடைக்காரி. பேட்டரி செத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கடிகாரம் நிற்கும், அப்புறம் ஆன் செய்தால் வயதுக்குப் பதில் நாளையும் மணியையும் கேட்கும். எந்த நாள் என்று போடுவது? அந்தக் கேள்வி தன் முன்னால் வந்து நின்றுவிடக் கூடாது என்று அவள் பயந்தாள். வீட்டுச் சார்ஜரைக் கடைக்குக் கொண்டுபோய்த் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டாள். பேட்டரி இல்லாமலும் கடிகாரம் ஒன்றிரண்டு நாள் தாங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். நினைவு வரும்போதெல்லாம் பேட்டரியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போய், கடையில் சார்ஜ் ஏற்றி, கணவன் வருவதற்குள் திரும்பப் போட்டுவிடுவாள்.

“இது யாரு குடுத்துட்டுப் போனது?” என்று கத்திரி ஒருமுறை பேட்டரியைத் தூக்கிப் பார்த்தார்.

“எங்களுதுதான் அண்ணே.”

எதையும் ஒரு கிண்டல் சொல்லாமல் விடாதவர், அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

பிறந்தநாளன்று மட்டும், வீட்டில் அவள் தனியாக இருக்கிற நேரமாகப் பார்த்து, கதவுக்கு நேராகக் கேமராவைப் பிடித்து ஆன் செய்வாள். பட்டாணி, 4 வருடம். அந்த ஐந்து விநாடியில் அவன் நீட்டிய கை எதுவரை எட்டும் என்று கதவில் பார்த்துவிடுவாள். நாலு வயதில் தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே. ஐந்தில் நாலு விரல். முகம் கண்டால் மஞ்சள் சதுரம் போடுகிற கேமரா அது. சதுரம் போட ஒன்றும் கிடைக்காமல் திரை சும்மா இருக்கும். அவள் பொத்தானை அழுத்தியதில்லை. படம் எடுக்க அங்கே என்ன இருந்தது? அணைத்து, காலுறைக்குள் போட்டுவிடுவாள்.

அப்படி இருக்கையில்தான் இரண்டாவது பிறந்தது. பெண் குழந்தை. வேண்டுமென்று திட்டமிட்டதில்லை, வேண்டாமென்று சொல்ல இருவருக்கும் மனம் வரவில்லை. பிரசவம் முடிந்து அவள் அரைத் தூக்கத்தில் கிடந்தபோது கணவன் குழந்தையைப் படம் எடுக்கிற சத்தம் கேட்டது. எந்தக் கேமரா என்று கேட்கத் தெம்பில்லை.

அவள் வீட்டுக்கு வந்த வாரம் கத்திரி குழந்தையைப் பார்க்க வந்தார். நாத்தனார் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான்.

“ஒன் வீட்டுக்காரரு கார்டை நேரா எங்கிட்ட குடுத்துட்டாரு. ஒனக்குத் தெரியாமப் போட்டுக் குடுக்கணுமாம்,” என்று கத்திரி ஒரு கவரை நீட்டினார். “ஆனா மாதிரிக்கு ஒண்ணுதான் போட்டேன். எல்லாத்துலயும் ஓரத்துல வயசு தப்பா விழுந்திருக்கும்மா. பிரிட்ஜ் ரிப்பேர் பாக்கிற மனுஷனுக்கு இதைச் சரியா வைக்கத் தெரியல. கீழ வெட்டிட்டா போயிரும். கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்.”

நாத்தனார் படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். “அஞ்சு வருஷம் ஏழு மாசமா? அடிப்பாவி, வந்ததும் வராததுமா பள்ளிக்கூடம் போற வயசாயிடுச்சே. பரவாயில்ல, நேராக் கொண்டுபோய்ச் சேத்துரலாம். எனக்குத் தாலாட்டுற வேலை மிச்சம்.”

சொல்லிவிட்டு அவள் மட்டும் சிரித்தாள். தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. எந்தக் கணக்கு அது என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. குனிந்து, குழந்தையின் துணியைத் தேவையில்லாமல் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

படத்தில் குழந்தை கண்ணை இறுக மூடி, இரண்டு முஷ்டியையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு கிடந்தது. கீழே, வெளிர் ஆரஞ்சு எழுத்தில், அண்ணனின் வயது.

அது யாருடைய வயது என்று கத்திரிக்கு யாரும் விளக்கவில்லை. ஆனால் டிராயரில் இருந்த சார்ஜரை அவர் பல தடவை பார்த்தவர். “நீ சொல்றப்ப போட்டுக்கலாம்மா. அவசரமில்ல,” என்று எழுந்துவிட்டார்.

சாயங்காலம் கணவன் வந்து, பின்பக்கக் குழாயில் கையில் படிந்த கரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் படத்தோடு போய் நின்றாள்.

“கவனிக்காம எடுத்துட்டீங்களா?”

அவன் திரும்பிப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். குழாயை மூடவில்லை.

“கவனிச்சேன்,” என்றான்.

“அப்புறம்?”

“அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பும்போது பீரோவத் தொறந்தேன். இத்தனை நாளாச்சு, செத்துக் கெடக்கும்னு சார்ஜரத்தான் மொதல்ல தேடினேன். கெடைக்கல. சும்மா பொத்தானை அமுக்கிப் பாத்தேன். எரியுது. பேரும் வருது, வயசும் வருது.” தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “அப்பத்தான் தெரிஞ்சுது, நீ இத்தனை நாளும் உசுரோட வச்சிருக்கன்னு. அதுல போய் நான் எப்படிக் கை வைக்கிறது? குழந்தை ரெண்டுக்கு மாத்தத்தான் நெனைச்சேன். கை வரல. அப்படியே எடுத்துட்டேன்.”

அவள் எட்டிக் குழாயை மூடினாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“நீ எங்கிட்ட சொன்னியா?”

 உள்ளே குழந்தை அழுதது. நாத்தனார் ஏதோ ராகத்தில் சமாதானம் சொல்வது கேட்டது. இத்தனை வருடமும் அந்த எண்ணைத் தான் ஒருத்தி மட்டும் காத்துவருவதாக அவள் நினைத்திருந்தாள். அது ஓடினால் மகன் எங்கேயோ வளர்கிறான். நின்றால் மூன்று வயது இரண்டு மாதத்தோடு சரி. இப்போது அதே எண் மகளின் காலடியில் விழுந்து கிடந்தது.  இந்தக் குழந்தைக்கு என்று ஒரு நாள்கூடக் கொடுக்காமல் இவளையும் அண்ணன் கணக்கிலேயே எழுதிவிட்டது போல இருந்தது.

“ஒண்ணை எடுத்துடவா?” என்று அவன் மெதுவாகக் கேட்டான். முன்பு கேட்ட அதே கேள்வி.

“ஒண்ணு அப்படியே இருக்கட்டும்,” என்றாள். “ரெண்டுல இவளப் போடுங்க. பாவம், இவ என்ன பண்ணா?”

இருவரும் கட்டிலில் உட்கார்ந்து போட்டார்கள். பிறந்த தேதியை அவள் சொல்ல அவன் அழுத்தினான். பேர் கேட்ட இடத்தில் பாப்பா என்று போட்டார்கள். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் கடைக்குப் போன் செய்து, “கீழ வெட்டிடுங்க அண்ணே,” என்றாள். வயது போயிற்று. கூடவே கால் தெரிந்த படங்களில் எல்லாம் குழந்தையின் பாதமும் போயிற்று. பிறந்த அன்றைக்கு இருந்த அந்தச் சுருக்கம் விழுந்த பாதம் புதிதாகப் போட்ட எந்தப் பிரிண்டிலும் முழுசாக இல்லை. போகும் என்று தெரிந்துதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு கேமரா பீரோவுக்குத் திரும்பவில்லை. காலுறையோடு அடுக்களைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. சார்ஜர் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. தினம் எடுக்கிற கேமராவுக்கு யாரும் திருட்டுத்தனமாகச் சார்ஜ் போட வேண்டியதில்லை. ஆன் செய்தால் பாப்பா என்று வரும்; ஒரு மாதம் என்று வரும், மூன்று மாதம் என்று வரும். ஒன்றாம் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் மெனுவுக்குள் போய்த் தேடிப் போக வேண்டும். போக அவளுக்கு நேரமிருக்கவில்லை. பால், துணி, தூக்கம், அதற்குள் வேலைக்குத் திரும்புகிற நாளும் வந்துவிட்டது. பகலில் நாத்தனார் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள்.

குழந்தை முதல்முதலாகக் குப்புற விழுந்த நாள் ஒரு விடுமுறை. நாத்தனார்தான் கத்தினாள். எல்லோரும் ஓடிவந்தார்கள். குழந்தை தலையைத் தூக்கி, தானே செய்த காரியத்தைத் தானே நம்பாதது போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. கணவன் தரையில் படுத்துக்கொண்டு படமாக எடுத்துத் தள்ளினான். “இந்தப் பக்கம் பாரு, இந்தப் பக்கம் பாரு” என்று அவள் கைதட்டிச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்ததில் அவளுக்கு விலா வலித்தது.

அடுத்த வாரம் அந்தப் படங்களைக் கடையில் திறந்தாள். கழுத்து மடிப்பில் ஈரம் மின்னுகிற படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பழக்கத்தில், எடுத்த நாள் சரியாக இருக்கிறதா என்று திரையின் ஓரத்தில் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

அது பட்டாணியின் பிறந்தநாள்.

எதிரே ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார். கத்திரி அவரிடம் தலையா காலா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மவுஸின்மேல் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் இனி மறக்கவே முடியாது என்று இருந்த ஒரு நாள். அன்றைக்கு அவள் காலையில் எழுந்து, பல் துலக்கி, சோறு வடித்து, குழந்தையோடு விளையாடி, சிரித்து, படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆணியிலிருந்து கேமராவை எடுத்தாள். மெனுவுக்குள் போய், குழந்தை ஒன்று என்பதைத் தேடி அழுத்தினாள்.

பட்டாணி, 6 வருடம்.

அதற்கு ஒரு நாளும் தவறவில்லை. நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். கணவன் வேலை முடிந்து வந்து, அவள் கையில் இருந்ததைப் பார்த்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“மறந்துட்டேங்க,” என்றாள். “போன வாரம். பாப்பா குப்புற விழுந்துச்சே, அன்னைக்குத்தான்.”

“தெரியும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“காலையில இருந்தே ஞாபகம் இருந்துச்சு. நீ சொல்லுவன்னு பாத்தேன். அப்புறம் நீ சிரிச்சுக்கிட்டிருந்த.” அவன் விரலில் இருந்த பழைய தீக்காயத்தைத் தடவிக்கொண்டான். “வாய் வரல.”

“நான் பெத்தவ.”

“நான் மட்டும் யாரு?”

 வெளியே நாத்தனார் குழந்தைக்கு யார் யார் வீடு எது என்று காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் கேமராவைத் தூக்கி எதிரே இருந்த கதவுக்கு நேராகப் பிடித்தாள்.

“ஆறு வயசுக்கு எட்டும் இல்ல? இந்தத் தாழ்ப்பாள்.”

“எட்டுறதாவது. நம்ம ரெண்டு பேரையும் வெளிய தள்ளிப் பூட்டிட்டு உள்ள ஒக்காந்திருப்பான். நான்தான் ஜன்னலக் கழட்டணும்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. திரையில் பச்சைக் கதவு, தேய்ந்த தாழ்ப்பாள், கீழே அவன் வாளி கீறிய தரை. மஞ்சள் சதுரம் வரவில்லை. அவள் பொத்தானை அழுத்தினாள். ஃபிளாஷ் வரவில்லை. அந்த முறையில் வராது. குழந்தைக்குக் கண் கூசும்.

மறுநாள் அவளே அந்தப் படத்தைக் கடை மெஷினுக்கு அனுப்பினாள். பிரிண்ட் பார்க்கிற இடத்தில் நின்றிருந்த கத்திரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு, வாய்ப் பழக்கத்தில், “தலையா, காலா?” என்றார். சொன்ன பிறகுதான் திரையைப் பார்த்தார். ஆள் இல்லாத ஒரு கதவு. ஓரத்தில், ஆரஞ்சு எழுத்தில், ஆறு வருடம்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வெள்ளை விட்டுப் போடுங்க அண்ணே,” என்றாள் அவள். “எதுவும் போக வேணாம்.”